ஃபோர்மேனுக்கு எத்தனையாவது இடம்

காலை வெயில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சலூன் கண்ணாடியில் பட்டு என் கண்ணைக் கூச வைக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறேன். புருவத்தில் சிமென்ட் தூசி. மணிவேல் என் கன்னத்தில் நுரை பூசுகிறார். பின்னால் பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருக்கும் கிளமெண்டின் செல்போனில் பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை ஓடுகிறது. அலியின் அடியில் ஃபோர்மேன் விழுகிறார். “வுழுந்துட்டான் பாரு. இவனுக்கு மொத பத்துல என்னய்யா எடம்?” என்கிறான் கிளமெண்ட். “நாப்பத்தஞ்சு வயசுல திரும்பி வந்து சாம்பியன் ஆனாருய்யா. எனக்கு அவருதான் ரெண்டாவது,” என்கிறார் மணிவேல். “வூட்டுச் சண்டையில ஒருநா ஜெயிச்சிருக்கியா நீ? ரேங்க் போட வந்துட்ட,” என்கிறான் கிளமெண்ட். “சரி, நான் போடல. அண்ணன் ரிங்குல நின்னவரு. நீங்க சொல்லுங்கண்ணே.” கண்ணாடிக்குள் இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். போனில் ஃபோர்மேன் எழப் பார்க்கிறார். கல்லூரி இரண்டாம் வருடம் பெரம்பலூர் குத்துச்சண்டைப் போட்டியில் நான் விழுந்தபோது எனக்கு நினைவு இருந்தது. எழுந்தால் இன்னொரு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு, நடுவரோடு சேர்ந்து நானும் பத்து வரை எண்ணினேன். நான் மயங்கிவிட்டதாகத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். “ஏழாவது,” என்கிறேன். “வுழுந்தா ஒடனே எந்திரிக்கணும்ல.” கிளமெண்ட் சிரிக்கிறான். “அப்ப நீங்கண்ணே?” மணிவேலின் கத்தி நிற்கிறது. “லூசு, அண்ணன் மயங்கிட்டாரு. முழிப்பு இருந்தா எந்திரிச்சிருப்பாரு.” அன்று அடி விழுந்த என் இடது நெற்றிப்பொட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் கத்தியை மெதுவாக இறக்குகிறார். “இன்னும் வலிக்குதாண்ணே?” “எப்பயாச்சும்,” என்கிறேன்.