வாலு முகம் திருப்புகிறான்

கோழிக்கூண்டின் கம்பிக் கதவு திறந்தே கிடக்கிறது. இனி மூடி என்ன ஆகப்போகிறது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிற டெரியர் நாய் வாலு அதன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துப் பண்ணையில் ஏதோ நோய் என்று காலையில் முகமூடி போட்டவர்கள் வந்து, நன்றாக இருந்த இந்தக் கோழிகளையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவை மண்ணில் புரண்டு குளித்த குழிகளெல்லாம் வந்தவர்கள் கொட்டிய சுண்ணாம்புத்தூளால் நிரம்பி, மாலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. கோழியைக் கண்டதும் பாயாமல் தன் பக்கம் முகம் திருப்பினால் ஒரு துண்டு பிஸ்கட் என்று வீட்டுக்காரி அவனை மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறாள். ஒருநாளும் அவன் திரும்பியதில்லை. கம்பியைப் பிய்த்துக்கொண்டு குரைப்பதுதான் வழக்கம். “இனிமே யாரைப் பாத்துடா குரைக்கப்போறே?” என்கிறாள், கொடியில் துணியை உதறியபடி. வாலு காற்றை மோந்து பார்க்கிறான். வெறுங்கூண்டையே கொஞ்ச நேரம் பார்க்கிறான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்க்கிறான். வால் சுண்ணாம்பைப் பெருக்குகிறது. “ஏங்க, இங்க வாங்களேன்! இவன் திரும்பிட்டான், பாருங்க!” என்று வீட்டுப் பக்கம் கத்துகிறாள். அவள் கை நைட்டிப் பையில் பிஸ்கட்டைத் துழாவுகிறது. விரலில் அகப்படுவதெல்லாம் கோழித்தீனி.