முள் கீழே பார்க்கட்டும்

ரெய்னோ இறகு கட்டிய தூண்டிலை எடுத்து, முள்ளின் கூர் கீழே பார்க்கும்படி திருப்பி மாட்டினான்.

மற்ற நாளென்றால் ஊரே சிரித்திருக்கும். கூர் மேலே பார்த்தால்தான் கல்லில், கட்டையில் சிக்காமல் ஓடும். மீனின் மேல்தாடையில் ஏறும். கீழே பார்த்தால் ஆற்றடியில் கிடக்கிற கருமமெல்லாம் மாட்டும்.

இன்றைக்கு மாட்டத்தான் வேண்டும்.

அண்ணன் வெர்ன் இந்த மடுவில் வழுக்கி விழுந்து மூன்றாம் நாள். உடலைத் தேடி முக்குளிக்க வந்த அரசாங்க ஆட்கள், கலங்கலும் இழுப்பும் ஆகாது என்று நேற்றே மூட்டை கட்டிவிட்டார்கள்.

பெட்டியில் கறுப்பு, நீலம், ரோஸ், ஆரஞ்சு என்று தூண்டில்கள் வரிசையாக இருந்தன. கலங்கல் தண்ணீருக்கு எந்த நிறம் என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் திரிந்த நாட்கள் உண்டு. இப்போது ரெய்னோ நிறம் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்திருந்தான்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலையைப் போட்டுவிட்டு ஆறேழு பேர் வந்திருந்தார்கள். ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கிற அதே ஒழுங்கில், இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். ஒரு வீச்சு. தூண்டில் நரம்பு ஆற்றைக் குறுக்கே அரித்துக்கொண்டு வரும்வரை காத்திருப்பு. ஆற்றோடு இரண்டு எட்டு கீழே. மறுபடி வீச்சு.

பின்னால் நின்ற ஹார்லன், வெர்னின் கூட்டாளி, தொண்டையைச் செருமினான்.

"ஒங்கண்ணன் ஒருநாளாவது என்னை இங்க முதல்ல எறங்க விட்டிருக்கானாடா? இப்பவும் பாரு, எனக்கு முன்னாடி எறங்கிட்டான்."

யாரோ சிரித்தார்கள். மேட்டில் நின்ற வண்டிக்குள் வெர்னின் மனைவி மார்லா இருப்பது நினைவுக்கு வந்து, சிரிப்பை விழுங்கினார்கள்.

ரெய்னோவின் நரம்பு நின்றது.

கனத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு அது நீரோட்டத்தை எதிர்த்து நகர்ந்தது. பிணம் ஆற்றை எதிர்த்துப் போகாது.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஒருத்தனுக்கும் ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. நரம்பு சுற்றிய ரீல் அலறியது. மற்றவர்கள் பழக்கதோஷத்தில் தங்கள் நரம்புகளைச் சுருட்டி வழிவிட்டார்கள். விடாதே, தளர்த்து, இழு என்று ஹார்லன் கத்தினான். எல்லோரும் கத்தினார்கள். ரெய்னோவின் உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு அண்ணன் என்று ஒருவனே இருந்ததில்லை.

கூச்சல் மேடுவரை போயிருக்கிறது.

மார்லா ஒரு கம்பளியை மார்போடு அணைத்தபடி சரளைக்கல்லில் விழுந்தடித்து ஓடிவந்தாள். செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். வளைந்து துடிக்கிற தூண்டில் கோலைப் பார்த்தாள்.

"கெடச்சுட்டாரா?"



நடு ஆற்றில் மீன் முழு உடம்பும் தெரிய எம்பித் துள்ளியது.

துள்ளுகிற நொடியில் கோலின் நுனியைத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு அறுந்து மீன் போய்விடும். இந்த ஆற்றில் மீன் பிடித்த எவருக்கும் அது தெரியும். மார்லாவும் பிடித்தவள்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரெய்னோவின் கை யாரையும் கேட்காமல் தாழ்ந்து கொடுத்தது.