முதல் சூடு

"அம்மா... ஆ!"

சமையலறையில் பாத்திரம் உருள, கூடவே அலறலும் கேட்டது. அண்ணன் மகளை முதன்முறையாகப் பார்க்க அன்று காலைதான் கடல் தாண்டி வந்து இறங்கியிருந்த நாத்தனார், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எட்டு வயதுப் பிள்ளை சிவந்த விரலோடு துடித்தது. கையெல்லாம் பழைய தீத்தழும்புகள். நரம்பு ஆராய்ச்சி செய்யும் அண்ணி, விரலைக் குழாய் நீரில் பிடித்தபடி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குத்துதா, எரியுதா?"

"எரியுதும்மா!"

"ரொட்டி கருகின வாசனை வருதா?"

"ஐய, நாறுது!"

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதென்ன உங்க லேப் பூச்சியா அண்ணி? மோப்பத்துக்கும் வலிக்கும் ஒரே வாசல்னு நரம்பை நோண்டுறதை அங்கேயே வெச்சுக்குங்க! கையில இத்தனை தழும்பு! நீங்க பிள்ளை வளர்த்த லட்சணம் போதும், நான் கூட்டிட்டுப் போறேன்!"

அண்ணி காதில் வாங்கவே இல்லை. கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மருந்து கேட்டிருச்சு! அந்த வாசல் திறந்திருச்சு! பொறந்ததுலேருந்து சூடுபட்டாலும் தெரியாம சிரிச்சிட்டிருந்த நம்ம பொண்ணு, இன்னிக்கு வலிக்குதுன்னு அழறா!"