விடுதலையாகும் இடம்

சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டே ரெங்கம்மாள், மன்னார்குடியில் பார்த்த துப்பறியும் படத்தின் கதையைச் சொல்கிறாள். உச்சிவெயில் வயல் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. நாற்றுமுடி வீசும் கண்ணுசாமி சிரிக்கிறார். "தொப்பி போட்டவன் வந்து நெசக் கொலைகாரனைப் புடிச்சுட்டானாக்கும்! சுத்தப் புளுகு." பக்கத்தில் நடும் அம்சத்தின் புருஷன், கூலிச் சண்டையில் செய்யாத கொலைக்காக ஏழு மாதமாக ஜெயிலில் கிடக்கிறான். "புளுகாவே இருக்கட்டும் மாமா," என்கிறாள் அம்சம், நடவை நிறுத்தாமல். "அக்கா, தப்பா புடிச்சவன வெளிய விடுறாங்களே, அந்த எடத்த இன்னொரு தடவ சொல்லு." ரெங்கம்மாள் சொல்கிறாள். இந்தத் தடவை, படத்தில் இல்லாத மாதிரி, விடுதலையானவன் நீடாமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்போடு நடந்து வருகிறான்.