கவனிப்பு

முழங்கை விலாவில் இறங்கியபோது இவனுக்கு முதலில் வந்தது வலி இல்லை, ஆச்சரியம்.

அந்த அடி இவனுடையது.

நடுவர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, பந்துக்குத் தாவுவது போலத் தாவி, கீழே வரும்போது முழங்கையை இறக்குவது. கோயம்புத்தூர் வட்டாரத்து பாஸ்கட்பால் மைதானங்களில் அதை இவனைப் போல் இறக்க ஆள் கிடையாது. இன்று அது இவன்மேலேயே இறங்கியிருக்கிறது.

சிமெண்ட் தரையில் கையூன்றி எழுந்தான். முப்பத்தாறு வயதில் எழுந்திருப்பதே ஒரு ஆட்டம்தான்.

அடித்தவன் தீர்த்தகிரி. தர்மபுரிப் பையன். சிரித்தால் முன்பல் ஒன்று இருக்காது. அந்தப் பல்லைக் கழற்றியவனும் இவனேதான், போன வருஷம் ஈரோட்டில். பல் பதிந்த இடம் சீழ் வைத்து, தையல் போட்ட தழும்பு இன்னும் இவன் முழங்கையில் இருக்கிறது.

அந்தப் பையனைத்தான் இவன் ஆடும் மில் அணி இப்போது வேலை தருவதாகச் சொல்லி வரவழைத்திருந்தது. அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள். பாக்கி இருப்பது ஒரே இடம், அதுவும் இவனுடைய இடம். இந்தப் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு பேரையும் எதிரெதிரே விட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள்.

தகரக் கூரைக்கடியில் நிர்வாகத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மோர் குடித்துக்கொண்டே இவனுடைய சீசனை அலசினார்.

"வருஷம் பூரா நாலு கூடை போட்டிருக்காரு. வேற என்னதான் பண்ணாரு இந்த மனுஷன்?"

என்ன பண்ணினானா? சேலத்துக்காரனின் விரல். மதுரைக்காரனின் மூக்கு. கரூர் கேப்டன் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்? எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவனைக் கண்ணால் காட்டி, கோச் பொன்னையா ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"கவனிச்சுக்க."

வந்த விருந்தாளிக்கு இலை போடச் சொல்வது போல, அவ்வளவு மென்மையாக. இவன் எழுந்து போவான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஐந்தில் ஒன்றைக்கூட வீணாக்காமல் அடித்து முடித்துவிட்டு வந்து உட்காருவான். எதிரணிக்காரனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பொன்னையா இவன் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இன்று பொன்னையா அந்த வார்த்தையைத் தீர்த்தகிரியிடம் சொன்னார். இவனைக் காட்டி.

அடுத்த பந்துக்குப் பையன் தாவினான். அவன் இறங்கும் இடம் பார்த்து இவன் காலை வைத்தான்.

தீர்த்தகிரி குப்புற விழுந்தான். முட்டி உரிந்து, சிமெண்டில் ரத்தம் கோடாக இழுத்தது. அழுவான் என்று இவன் காத்திருந்தான். அவனோ உள்ளங்கையை டிராயரில் துடைத்துக்கொண்டு, மூலைக்குப் போய் நின்று, வந்த பந்தை வாங்கி எறிந்தான்.

வளையத்தைத் தொடாமல் விழுந்தது. வலை மட்டும் ஒரு துள்ளு துள்ளியது.

பாழாய்ப்போனவன் என்ன அழகாகப் போடுகிறான்.

ஒரு காலத்தில் இவனும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் மில்லில் எடுத்தார்கள். முதல் வருஷமே பொன்னையா அந்த வார்த்தையைச் சொன்னார், இவனும் ஒருத்தன் தாடையைப் பெயர்த்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் ஒருவனும் இவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. அடிக்கிறவனுக்குப் பந்து எதற்கு?

மறுபடி தீர்த்தகிரி தாவினான். இந்த முறை அடி இவன் வாயில்.

நாக்கில் ஏதோ உருண்டது. துப்பினான். ரத்தத்தோடு பல் தரையில் விழுந்தது. விசில் வரவில்லை.

எழுந்து பையனின் பனியனைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கினான். கை ஓங்கியது. தீர்த்தகிரி கண்ணைக்கூட மூடவில்லை. மூச்சுத் திணறிக்கொண்டே, அடி பார்ப்போம் என்பது போல முகத்தை நீட்டினான்.

பொன்னையா ஓடி வந்து நடுவில் புகுந்தார். இவன் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய், தன் துண்டாலேயே வாயைத் துடைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் துண்டு இவன்மேல் பட்டது இன்றுதான்.

"நீயே சொல்லு கண்ணு. அவனை எடுத்துக்கலாமா?"

வேண்டுமென்றே அடித்தான் என்று நிர்வாகத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினால் போதும். பையன் இன்றைக்கே தர்மபுரிக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். இடம் இவனுக்கே.

நல்லாப் போடறான் என்றும் சொல்லலாம். அது சத்தியமான வார்த்தை. பையன் பிழைத்துப் போவான்.

ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. ஆத்திரம் அடங்கவில்லை. இந்த சீசனில் இவனிடம் இன்னும் ஒரு அடி மிச்சமிருந்தது.

"நல்லாக் கவனிக்கறான் சார்."

பொன்னையாவின் முகம் மலர்ந்தது. மைதானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், இனிமே கவனிக்கறதுக்குத் தம்பி இருக்கான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். தீர்த்தகிரியும் பல் போன இடம் தெரியச் சிரித்தான், பாவம்.

இவன் பனியனைக் கழற்றி பெஞ்சில் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டம் திரும்பவும் தொடங்கியது. தீர்த்தகிரி அதே மூலைக்கு ஓடினான். பக்கத்தில் தடுக்க ஒருத்தரும் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். "அண்ணா, இங்க" என்று கூப்பிட்டான்.

பந்து வேறு பக்கம் போனது.