மூன்றாவது ஸ்பீக்கர்

"கடைசி டேபிள்ல கேக்குதா?" மைக்கைப் பிடித்தபடி அவள் கேட்டாள்.

அந்த இசைக்கருவிக் கடையில் டேபிள் எதுவும் இல்லை. அவள் கணவன் வாசற்கதவை ஒட்டி, கிட்டார் உறைகள் தொங்கும் மூலையில் நின்றிருந்தான். அவர்கள் பாடும் உணவகத்தின் கடைசி மேஜை ஏறத்தாழ அவ்வளவு தொலைவில்தான் இருக்கும்.

அவன் உள்ளங்கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை.

சனிக்கிழமைகளில் இருவரும் ஒரு மொட்டை மாடி உணவகத்தில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அவள் பாட்டு, அவன் கீபோர்டு. சாப்பிட வருகிறவர்கள் பேசிக்கொண்டே கேட்பார்கள். சில நாள் கேட்டுக்கொண்டே பேசுவார்கள்.

போன வாரம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். ஸ்பீக்கர் சரியில்லை, பின்னால் இருப்பவர்களுக்கு வார்த்தை விளங்கவில்லை, வருகிற சனிக்கிழமையும் இதே கதி என்றால் வேறு பாடகியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

வீட்டுக்கு வந்து அவன் அவளிடம் அப்படித்தான் சொன்னான்.

அதனால் இந்தக் கடை. விலை கைக்கு அடங்க வேண்டும். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏற முடிய வேண்டும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஒரு நிகழ்ச்சி ஓட வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஸ்பீக்கர்களைக் கடைக்காரர் வரிசையாக வைத்திருந்தார்.

முதல் ஸ்பீக்கர் இருப்பதிலேயே மலிவு.

"கிணத்துல விழுந்த மாதிரி இருக்கேன். யாராவது கயிறு போடுங்க," என்றாள் மைக்கிலேயே. கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை ஓரமாகத் தள்ளினார்.

இரண்டாவதில் குரல் பஞ்சில் சுற்றியது போல மெத்தென்று வந்தது. வார்த்தைகளுக்கு முனையே இல்லை.

கணவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

"மூணாவதையும் பாத்துடுங்க சார். விலையில பெரிய வித்தியாசம் இல்ல," என்றார் கடைக்காரர்.

ஸ்பீக்கரைச் சோதிக்க அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முழுப் பாட்டு கிடையாது. குரல் உச்சிக்கு ஏறும் ஒரே ஒரு வரி. அங்கே தாங்கினால் மற்ற இடங்கள் தானாகத் தாங்கும்.

அவள் அந்த வரியை எடுத்தாள்.

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கழுவி வைத்தது போல வந்தது. புல்லாங்குழல் விலை கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வரி ஏறியது. உச்சியில், ஓரிடத்தில், குரல் கிழிந்தது.

கிழிசலும் அதே தெளிவோடு வந்தது.

கடைக்காரர் குனிந்து ஒயரைச் சரிசெய்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

"இது வேணாம்," கணவன் மூலையிலிருந்து வேகமாக வந்தான். "இரைச்சல் இருக்கு."

"இதுலயா சார்? கடையிலயே சுத்தமான சத்தம் இதுதான்."

"எனக்குக் கேக்குதுங்க. ரெண்டாவதையே கட்டிடுங்க."

"அவர் அப்படித்தாண்ணா," என்றாள் அவள். "தூக்கத்துல நான் மூச்சு விட்டாலே இரைச்சல்னு எழுப்புற ஆளு."

கடைக்காரர் அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனார்.

கணவன் இரண்டாவது ஸ்பீக்கரின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். சனிக்கிழமைக்கு இது போதும். கூர்மையான சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தால் கிழிசல் வெளியே தெரியாது. மேனேஜர் மனசு மாறினாலும் மாறலாம்.

உண்மையில், மேனேஜர் ஸ்பீக்கரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 'ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு தம்பி. வீட்ல அவங்களுக்குத்தான் குரல் போயிடுச்சு' என்றுதான் சொன்னார். இவன்தான் பிடிவாதமாக, இல்லை சார், ஸ்பீக்கர்தான், புதுசு வாங்கிவிடுகிறோம், சனிக்கிழமை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவள் மைக்கை ஆஃப் செய்தாள்.

"என்னங்க, மூணாவதையே எடுத்துக்கலாம்."

"அதான் சொன்னேனே, இரைச்சல்..."

"அது நான்தாங்க."

அவன் ஸ்பீக்கரின் தலையிலிருந்து கையை எடுத்தான்.

"மேனேஜர் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணாரு," என்றாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்கு வாய் வரல. நீங்க என்னடான்னா பழியைத் தூக்கி ஸ்பீக்கர் மேல போட்டுட்டு வந்து நிக்கறீங்க. பாவம், வாயில்லாத ஜீவன்."

"அப்ப எதுக்கு என்கூட கடைக்கு வந்த?"

"ஒரு வாரமா அவ்வளவு நல்லாப் பொய் சொல்றீங்க. பாதியில நிறுத்த மனசு வரல."

உள்ளே அட்டைப்பெட்டியை மடக்கும் சத்தம் கேட்டது.

அவன் சுற்றிலும் பார்த்தான். விற்பனைக்கு நிறுத்தியிருந்த ஒரு கீபோர்டை மூன்றாவது ஸ்பீக்கரில் இணைத்தான். சுருதி மாற்றும் பொத்தானின் மேல் அவன் விரல் சற்று நின்றது. வீட்டுக் கீபோர்டிலும் இது உண்டு; அழுத்திச் சுருதியை இறக்கினால் உச்சியில் குரல் கிழியாது, ஆனால் அவள் மனசு நோகும் என்று இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தான்.

ஒரு முறை அழுத்தினான். சுருதி அரைக் கட்டை இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் மைக்கை மறுபடி ஆன் செய்தாள்.

"இன்னும் இறக்குங்க," என்றாள். "கூச்சப்படாதீங்க."