கைராசிப் பொடி

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரே, வேலையிலிருந்து வந்தவன் தரையிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கும் ஒரு சொட்டு வரலை. திங்கட்கிழமை பொடியைச் சோதிக்க நிபுணர் குழு வருது. பொடி வேலை செய்யலேன்னா ஆய்வுக்கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க."

கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட உலோகப் பொடி அது. கரியமில வாயுவை அதற்குள் செலுத்தினால் மெத்தனால் என்ற எரிபொருளாக மாறி வர வேண்டும். பிரசவ விடுப்புக்கு முன் அவள் செய்த பொடியில் வந்தது. உலகமே கைதட்டியது. அது தீர்ந்த பிறகு அவன் செய்த எதிலும் வரவில்லை.

"அதே அளவு, அதே சூடுதான். எல்லாம் உன் கைராசி. குழந்தையைத் தூக்கிட்டாவது வந்து ஒரே ஒரு தடவை பண்ணிக் குடு. உன் கால்ல வேணா விழறேன்."

"ஐயோ, எழுந்திருங்க! கைராசியாவது மண்ணாவது. நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணினேன். கடைசியில கழுவுறதுக்கு மட்டும் அசிட்டோன் தீர்ந்துபோச்சு. அலமாரியில இருந்ததை ஊத்தி ஊறப்போட்டேன்."

"அலமாரியில என்ன இருந்தது?"

"மெத்தனால். நல்லா ஊறி, பளிச்சுன்னு ஆயிடுச்சு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

தோளில் சாய்த்துத் தட்டியதும் குழந்தை அவள் புடவையெல்லாம் பாலைக் கக்கியது.

"குடிச்சதைத்தானே கக்கும்? இதுக்குப் போய் ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று சிரித்தவளின் கை, குழந்தையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.